பண்டரிபுரச் சாலையில் காலியாக விட்ட கட்டம்

1

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால், புனேயைத் தாண்டி திவே மலைச்சாலையில் ஒருவன் மழையில் நடந்து ஏறி வருவதை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்று சாயங்காலம் பத்துப் பேர் முன்னிலையில் அவன் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க" என்றான். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. கேட்பவர்களுக்கு இது பெரிய குற்றமாகப் படாது. எனக்கும் பல வருஷம் படவில்லை, அல்லது படாத மாதிரி இருந்துகொண்டேன். அவன் பெயர் செல்லத்துரை. தாராவியில் தோல் பெல்ட் தைக்கும் பட்டறை வைத்திருப்பவன். பொறாமையால் செய்தேன். வேறு காரணம் தேடி இந்தக் குறிப்பை நீட்டப்போவதில்லை.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பனியன். எங்கள் சைக்கிள் கூட்டத்தை இன்றைக்கு நடத்துகிற வினோத் மே மாதத்தில் செம்பூர் வீட்டுக்குப் போன் செய்தான். நான் கைக்குழந்தையாகப் பார்த்த பையன், இப்போது நாற்பதை நெருங்குகிறான்.

"சார், இந்த வருஷம் நம்ம பண்டரிபுரம் ரைடுக்கு முப்பதாவது வருஷம். எல்லாருக்கும் ஒரே பனியன். முதுகுல உங்க ஃபோட்டோ. ஏக்தம் நல்ல ஃபோட்டோவா ஒண்ணு அனுப்புங்க, சிரிச்ச மாதிரி."

"என் படம் எதுக்குப்பா?"

"கொரோனா ரெண்டு வருஷம் போக இருபத்தோரு ரைடு விடாம வந்த ஆளு நீங்க ஒருத்தர்தானே சார்."

இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சிரித்த மாதிரி இருக்கும் படத்தைத் தேடி எடுத்து அனுப்பினேன். அனுப்பிவிட்டுத்தான் எனக்குத் தூக்கம் கெட்டது.

2

நம் ஊரில் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு திருச்செந்தூருக்கு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மகாராஷ்டிரத்தில் பண்டரிபுரம் அப்படி. ஆளந்தி என்ற ஊரிலிருந்து, அங்கே சமாதியான ஒரு ஞானியின் பாதுகை வைத்த பல்லக்கு கிளம்பும். பின்னால் லட்சக்கணக்கில் சனம், தாளமும் பாட்டுமாக, மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நடந்து, ஆஷாட ஏகாதசிக்கு விட்டலன், விட்டோபா என்றெல்லாம் கூப்பிடும் சாமியின் கோயிலைச் சேரும். நடப்பவர்கள் ஒருவரையொருவர் "மாவுலி" என்று கூப்பிடுவார்கள். தாயே என்று அர்த்தம். கலெக்டரும் மாவுலிதான், கழுதை மேய்ப்பவரும் மாவுலிதான்.

நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்து இருபத்து மூன்று வயதில் பம்பாய்க்கு வந்தவன். ஐம்பது வருஷமாகிறது. மாட்டுங்காவில் ஒற்றை அறையில் நாலு பேரோடு ஆரம்பித்து, ஒரு மில் கம்பெனி ஆபீசில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றேன். நாற்பத்து மூன்றாவது வயதில் டாக்டர் சர்க்கரை இருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்றார். ஆபீசில் வருஷா வருஷம் லீவு போட்டுவிட்டு நடக்கப் போகும் ஒரு மராட்டி பியூன் இருந்தார். அவரிடம் அந்தப் பாதையை ஊர் ஊராகக் கேட்டு எழுதிக்கொண்டேன். நடக்க லீவு கிடைக்காது, ஆனால் சைக்கிளில் நாலு நாளில் போய்விடலாம் என்ற யோசனை என்னுடையது. பல்லக்கு கிளம்புவதற்கு முந்தின வாரம் போனால் சாலை காலியாக இருக்கும் என்று கணித்ததும் நான். இதையெல்லாம் சொல்லிக் காட்டுவதே அந்தப் பழைய வியாதிதான். தெரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

முதல் வருஷம் ஏழு தமிழர்கள் கிளம்பினோம். பால்காரர்கள் வைத்திருப்பது போன்ற கனமான கறுப்புச் சைக்கிள்கள். அந்த ஏழு பேரில் எனக்கு ஐந்து வயது இளையவன் செல்லத்துரை. திசையன்விளைப் பக்கத்து ஆள். தோல் கட்டுகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தாராவிக்கும் குர்லாவுக்கும் தினம் மிதித்தவன். நாங்கள் மூச்சு வாங்கி இறங்கித் தள்ளும் மேட்டில் அவன் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுவான்.

விதிகளை ஒரு நீளமான நோட்டில் நான் எழுதினேன். சக்கரத்தில் போகலாம், முடியாவிட்டால் காலில் போகலாம், மோட்டார் வண்டியில் மட்டும் ஏறக்கூடாது. வண்டியில் ஏறினால் அந்த வருஷம் கணக்கில் சேராது. அதிக வருஷம் விடாமல் வந்தவரின் சைக்கிளில் காவிக்கொடி பறக்கும், சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கு. தினமும் ஒருவர் கடைசி வண்டியாக வர வேண்டும். யாரையும் முந்தக்கூடாது. சாயங்காலம் தங்குமிடத்தில் நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடைசி வண்டிக்காரர் ஒரு டிக் போட வேண்டும். எல்லாருக்கும் பின்னால் வந்தவருக்குத்தான் எல்லாம் தெரியும். ஆகவே அவர் சொல்வதே சாட்சி, மேல் விசாரணை கிடையாது.

கடைசி விதியை எழுதிவிட்டு, எவ்வளவு கச்சிதமாக எழுதியிருக்கிறேன் என்று நானே மெச்சிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

3

ஐந்து வருஷம் கொடி என் சைக்கிளில் இருந்தது. ஆறாவது வருஷம் மஞ்சள்காமாலையில் படுத்தேன். அந்த வருஷம் கொடி செல்லத்துரைக்குப் போனது. விதிப்படி சரி. விதி என்னுடையது. ஆனால் திரும்பி வந்தவன் "அண்ணாச்சி, அடுத்த வருஷம் நீங்களே வச்சிக்கிடுங்க, எனக்குப் பாரம்தான்" என்று சொன்னான் பாருங்கள், அங்கேதான் எனக்கு உள்ளே ஏதோ புளித்தது. கொடுப்பவன் இடத்தில் அவன் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. "விதின்னா விதி வே" என்று சொல்லி மறுத்துவிட்டேன். மறுத்ததை நியாயம் என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றும் கண்ணில் உறுத்த ஆரம்பித்தது.

வருஷா வருஷம் போகும் வழியிலுள்ள போலீஸ் அலுவலகங்களில் அனுமதி கேட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். இங்கிலீஷில் நான் டைப் செய்வேன், மூன்று நகல், பெயர்ப் பட்டியல், டாக்டர் சான்றிதழ். அதை எடுத்துக்கொண்டு நானும் செல்லத்துரையும் போவோம். ஒரு வருஷம் ஓர் அதிகாரி பட்டியலைப் புரட்டிவிட்டு, "மதராசிகளுக்குப் பண்டரிபுரத்தில் என்ன வேலை?" என்று இந்தியில் கேட்டார். நான் இலக்கணம் பிசகாத இந்தியில் ஐந்து நிமிஷம் விளக்கினேன். அவர் முகம் மாறவேயில்லை. செல்லத்துரை குறுக்கே புகுந்து, ஆண்பால் பெண்பால் எல்லாவற்றையும் போட்டு மிதித்து, "சாப், உங்க விட்டோபா எங்க ஊர்க்காரன் மாதிரி கறுப்பு. சொந்தக்காரன் வீட்டுக்குப் போறதுக்கு லெட்டர் கேக்குறீங்களே" என்றான். அந்த ஆள் வயிறு குலுங்கச் சிரித்து முத்திரை குத்தினார். டீ வரவழைத்தார். என்னை "சாஹேப்" என்றார், அவன் தோளில் கை போட்டார்.

ஜேஜுரியில், பல்டணில், நாதேபுதேயில், நாங்கள் நிற்கும் ஊர்களில் எல்லாம் முதலில் அவனைத்தான் தேடுவார்கள். நான் சைக்கிளை நிறுத்திப் பூட்டும் நேரத்துக்குள் அவன் யார் வீட்டுச் சமையல்கட்டிலோ பாக்ரி ரொட்டி தட்டிக்கொண்டிருப்பான்.

என் மகன் பாலாஜிக்கு அப்போது பத்து வயது. செல்லத்துரை எங்கள் வீட்டுக்கு வந்தால் அவன் சைக்கிள் பாரில் ஏறிக்கொண்டு தெருவைச் சுற்றுவான். ஒருநாள் சாப்பிடும்போது, "அப்பா, மாமா ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டுறாரு. நீ ஏன் விட மாட்டேங்குற? டர் லக்தா ஹை க்யா?" என்றான். பயமா என்று கேட்கிறான். என் மனைவி சிரித்துவிட்டாள். நான் தட்டில் கை கழுவினேன். அவள் போய் எட்டு வருஷமாகிறது. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் அதில் ஒரு கெடுதியும் இல்லை.

பாலாஜி பம்பாயை ஒட்டிய தானாவில் இருக்கிறான். பேசுவது இந்தி, எழுதுவது இங்கிலீஷ். தமிழில் பஸ் பெயர்ப்பலகை அளவுக்குத்தான் படிப்பான். இதை நான் தமிழில் எழுதத் துணிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். செல்லத்துரையின் மகள் ரேவதி தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறாள். பள்ளியில் அவளுக்குத் தமிழ் பாடமே கிடையாது. தோல் வெட்டிக்கொண்டே அவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அதிலும் அவனே முந்தினான்.

4

பதினெட்டாவது வருஷம். இரண்டாம் நாள் புனேயிலிருந்து கிளம்பினோம். அன்று கடைசி வண்டி நான்.

திவே மலை அடிவாரத்தில் செல்லத்துரையின் சைக்கிள் ஒரு குழியில் இறங்கி, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் விரிந்துவிட்டது. உருட்டக்கூட முடியாது. மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். காலி கூடைகளோடு சாஸ்வடுக்குத் திரும்பும் ஒரு காய்கறி டெம்போவை அவன் கை காட்டி நிறுத்தினான். சைக்கிளைக் கொடியோடு தூக்கிக் கூடைகளின் மேல் வைத்தான். டிரைவர் உள்ளே உட்காரச் சொல்லி இடம் கொடுத்தார்.

"நை பாய், மே பைதல்" என்றான் செல்லத்துரை. நடந்தே வருகிறேன் என்று. சைக்கிளைச் சாஸ்வடில் ஒரு வெல்டிங் கடையில் இறக்கச் சொல்லிவிட்டு என்னிடம், "அண்ணாச்சி, மழை பலமா வருது. நீங்க மெள்ள ஏறிப் போங்க. நான் பொறவால வாறேன்" என்றான்.

கடைசி வண்டி யாரையும் முந்தக்கூடாது. நான் முந்தினேன். அவன்தானே போகச் சொன்னான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாதி மலையில் ஒரு கொண்டையூசி வளைவில் மூச்சு வாங்க நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கீழே ஏரியும், ஏறி வந்த சாலை முழுவதும் மடிப்பு மடிப்பாகத் தெரியும். செல்லத்துரை இரண்டு மடிப்புக் கீழே வந்துகொண்டிருந்தான். செருப்பு கையில். தலையில் ஒரு பெரிய மூட்டை. பக்கத்தில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும். அவர்களுடைய மூட்டையைத்தான் இவன் வாங்கிச் சுமந்திருக்கிறான். மூன்று பேரும் ஏதோ பாடிக்கொண்டு வந்தார்கள். அந்த மழையிலும் சத்தம் மேலே வந்தது. நடுவே அவன் வார்த்தை தெரியாமல் உளறியிருப்பான் போல, அந்த அம்மாள் சிரிப்பது கேட்டது.

பதினேழு தடவை அந்தச் சாலையில் நான் போயிருந்தேன். ஊர்ப் பெயர், தூரம், மேடு, சத்திரம் எல்லாம் மனப்பாடம். அந்தச் சாலையில் ஒருவர்கூட என்னிடம் மூட்டையைக் கொடுத்ததில்லை. பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனேன்.

சாஸ்வடில் நாங்கள் தங்கிய மண்டபத்துக்கு முன்னமே செய்தி வந்திருந்தது. கொடி டெம்போவில் போவதை ஒருவர் சாலையிலேயே பார்த்திருக்கிறார். நான் உள்ளே நுழைந்ததும் கேட்டார்கள்.

"செல்லத்துரை டெம்போவுல ஏறிட்டானாமே?"

"சைக்கிளை ஏத்துறதைப் பார்த்தேன்" என்றேன்.

"ஆளு?"

"வரட்டும். அவனையே கேட்டுக்கிடுங்க."

இருட்டும் நேரத்தில் செல்லத்துரை பற்றவைத்த சைக்கிளோடு வந்தான். வெல்டிங் கடைக்காரர் கொடுத்த காய்ந்த சட்டையைப் போட்டிருந்தான். நனையாத சட்டையைப் பார்த்ததும் மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. நடந்துதான் வந்தேன் என்றான். சிலர் சிரித்தார்கள். அப்போதுதான் அவன் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க" என்ற அந்த வார்த்தையைச் சொன்னான்.

"நான் முன்னாடி வந்துட்டேன். அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது" என்றேன்.

நோட்டு என் மடியில் இருந்தது. மற்றவர்கள் பெயருக்கெல்லாம் டிக் போட்டேன். அவன் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் தப்புக்குறி போடவில்லை. டிக்கும் போடவில்லை. காலியாக விட்டேன். காலியாக விட்டது பொய் ஆகாது என்று அன்றைக்கு ஒரு வாதம் வைத்திருந்தேன்.

செல்லத்துரை என் கையையும் பேனாவையும் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு வெளியே போய்க் கொடியை அவிழ்த்துக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான். மறுநாள் காலை பஸ்ஸில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு தாராவிக்குத் திரும்பிவிட்டான். எங்கள் கூட்டத்துக்கு அவன் அப்புறம் வரவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து கொடி என் சைக்கிளில் பறந்தது. முதல் வருஷம் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

5

பனியன் விஷயம் என்னைத் தின்றதால், ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் பயணத்துக்கு முந்தைய கூட்டம் நடந்தபோது எழுந்து நின்று சொன்னேன். நாற்பது பேர் இருந்தார்கள். முக்கால்வாசி இளைஞர்கள். இரண்டு வருஷமாகக் கூட்டத்தில் சேர்ந்து ஓட்டும் ரேவதியும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன்.

பிறகு வினோத் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"சார், டென்ஷன் ஆவாதீங்க. அதெல்லாம் அந்தக் காலத்து நோட்டுக் கணக்கு. இப்ப எல்லாம் ஆப்லயே இருக்கு. யாரு எவ்ளோ ஓட்டினாங்க, எங்க நின்னாங்க, எல்லாம் வந்துடும். யாரும் யாருக்கும் டிக் போட வேணாம்."

"கொடி செல்லத்துரைக்குச் சேரணும்" என்றேன்.

"கொடியா? அதுல ஒரு சின்ன விஷயம் சார். காத்து பிடிச்சு இழுக்குது, ஸ்பீடு போவுதுன்னு யாரும் கட்ட மாட்டேங்குறாங்க. நீங்க கட்டுறீங்களேன்னுதான் விட்டுவச்சிருந்தோம். இந்த வருஷம் சாமான் வர்ற டெம்போவுல கட்டிடலாம்னு இருக்கோம்."

எந்தக் கொடிக்காக அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேனோ, அது இப்போது டெம்போவில் போகும். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

"பனியன்ல என் படம் வேண்டாம்."

"அடிச்சு வந்தாச்சே சார். நாப்பத்தஞ்சு பீஸ்."

கூட்டம் கலைந்தபோது ரேவதி வாசலில் நின்றாள். கூரியர் கம்பெனியில் மேனேஜராக இருக்கிறாள். அப்பனின் கெண்டைக்கால், அப்பனின் நேர்ப்பார்வை.

"மாமா, இங்க சொன்னா எங்கம்மாவுக்குக் கேக்காது. வீட்டுக்கு வந்து சொல்லுங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா, நான் இன்னிக்குச் சொல்லப் போறேன்னு?"

"அப்பாவுக்கு என்ன தெரியும்னு நீங்களே வந்து கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

6

நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளே தாராவிக்குப் போனேன். பன்னிரண்டு வருஷத்தில் சந்துகள் மாறியிருந்தன. பெட்டிக்கடையில் செல்லத்துரை வீடு எது என்று கேட்டேன்.

"எந்தச் செல்லத்துரை? டெம்போ செல்லத்துரையா?"

எனக்குப் புரியவில்லை. "பெல்ட் பட்டறை" என்றேன்.

"அவருதான், டெம்போ அண்ணாச்சி. நேரா போயி மூணாவது சந்து."

பேர் எப்படி வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டேன். வயது முப்பது இருக்கும். "முந்தி டெம்போ வச்சு ஓட்டிருப்பாரு போல" என்றார்.

கீழே பட்டறை, மேலே ஏணிப்படி ஏறினால் வீடு. செல்லத்துரை தரையில் உட்கார்ந்து தோல் வெட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை. என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தான்.

"வாங்க அண்ணாச்சி. மேல போவோம். இங்க பசை வாடை ஒங்களுக்கு ஆவாது."

மேலே அவன் மனைவி அன்னம் இருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொன்னாள், அவள் உட்காரவில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னேன். வளைவில் நின்றது, மூட்டையைப் பார்த்தது, பாட்டைக் கேட்டது, மண்டபத்தில் தெரியாது என்றது, எல்லாவற்றையும்.

செல்லத்துரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கை காட்டினேன்லா?" என்றான்.

மேலே நான்காம் பகுதியை எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். அதை இங்கே சேர்க்கிறேன். அவன் என்னைப் பார்த்துக் கை காட்டினான். நான் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டிருந்தேன், மலை முழுவதற்கும் தெரியும். அவன் கை காட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

"ஆமா" என்றேன்.

"அப்பம் ஒமக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." அவன் என்னை நீர் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "நீரு பாத்தீருன்னு மண்டபத்துல நான் சொல்லிருந்தா எவன் நம்புவான்? நீரு பி.ஏ. நோட்டு ஒம்ம கையில. நான் தோலு வெட்டுறவன். வாயத் திறக்காம வந்தேன்."

அன்னம் அப்போதுதான் பேசினாள். "அண்ணாச்சி, குழாயடியில எம்பேரு டெம்போக்காரி. ரேவதி பள்ளிக்கூடத்துல டெம்போ மவ. சாமிக்குப் போற வழியில ஏமாத்தினவன் பொண்டாட்டின்னு நெனச்சுத்தான் மொதல்ல கூப்பிட்டாளுவ. இப்பம் எதுக்குக் கூப்பிடுதோம்னே அவளுவளுக்குத் தெரியாது. நானே ஒரு வருசம் இவியள நம்பல. ஏறிட்டு ஏறலன்னு சொல்லுதாவளோன்னு நெனச்சேன்." அவள் செல்லத்துரையைப் பார்க்காமல் சொன்னாள். அவனுக்கு இது புதிதல்ல என்று முகத்தில் தெரிந்தது.

நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை வைத்தேன். காலிக் கட்டத்தில் டிக் போட்டேன். கீழே, "செல்லத்துரை நடந்து ஏறினார். நான் பார்த்தேன். மறைத்தேன்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அன்னம் அதை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று நோட்டை மூடி அரிசி டிரம்முக்கு மேலே வைத்தாள்.

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் இந்தப் பயணம் இல்லாமல் போய்விட்டதே உனக்கு என்று வருத்தத்தோடு சொன்னேன். உண்மையான வருத்தம்தான்.

"யாரு சொன்னா?" என்றான் செல்லத்துரை. "அடுத்த வருசத்துலருந்து நான் ஆளந்திலருந்து நடக்கேம்லா. அன்னைக்கு மூட்டை தூக்கினேன் பாத்தீரா, அந்த ஆளு ஊர்க்காரங்களோட கூட்டத்துல. கொரோனா ரெண்டு வருசம் போக ஒம்பது வாட்டி ஆச்சு. வாற வாரம் பத்தாவது."

ஒன்பது தடவை. சைக்கிளில் நாலு நாளில் கடந்துபோகும் சாலை அல்ல. மூன்று வாரம், அந்தக் கூட்டத்தோடு, அந்தப் பாட்டோடு. நான் அவனிடமிருந்து பிடுங்கியது ஒரு கொடி. அவனுக்குக் கிடைத்தது எனக்குக் கடைசிவரை கிடைக்காத ஒன்று. மன்னிப்புக் கேட்கப் போன வீட்டில், அந்தப் பசை வாடைக்கு நடுவே, எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

அவன் அதை என் முகத்தில் பார்த்திருக்க வேண்டும்.

"நடந்து போனது எனக்குப் பிடிச்சுது. அதுக்காவ நீரு செஞ்சது நல்லதுன்னு ஆயிராது, பாத்துக்கிடும். ஒம்ம கூட்டத்துல தமிழ் பேசிக்கிட்டு, கேலி பண்ணிக்கிட்டு போவோம். அது போச்சு. அங்க எல்லாரும் நல்லவங்கதான். ஆனா ஒருத்தனுக்கும் நான் சொல்லுத தமாசு புரியாது."

தலையாட்டினேன். பிறகு நான் கேட்டிருக்கவே கூடாத ஒன்றைக் கேட்டேன். "இந்த வருஷம் நான் சைக்கிளில் போகல. உன்கூட நடந்து வரட்டுமா? நாலு நாளாவது? மூட்டையெல்லாம் நான் தூக்குறேன்."

அது பரிகாரம் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன்.

செல்லத்துரை எழுந்து படிக்குப் பக்கத்தில் போய் நின்றான். கோபமாகச் சொல்லவில்லை. "வேண்டாம் அண்ணாச்சி. அதையும் எடுத்துக்கிடாதீய."

7

சொன்னபடி இந்த வருஷம் நான் சைக்கிளில் போகவில்லை. என் முகம் போட்ட பனியனோடு நாற்பத்தைந்து பேர் போய் வந்தார்கள். ரேவதி அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு ஓட்டினாளாம். வினோத் சொன்னான், ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை.

தாராவிப் பெட்டிக்கடைக்கு இரண்டு முறை போய் அந்தப் பேருக்குப் பின்னால் உள்ள கதையைச் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "அப்டியா? சரிங்க" என்றார். நான் நகர்வதற்குள் யாரிடமோ, "டெம்போ அண்ணாச்சிக்கு வேண்டியவங்க" என்று என்னை அறிமுகப்படுத்தினார்.

பல்லக்கு கிளம்பிய அன்று அன்னத்துக்குப் போன் செய்தேன். செல்லத்துரை எங்கே இருக்கிறான் என்று கேட்டேன்.

"அண்ணாச்சி கேட்டா மட்டும் சொல்லுன்னு சொல்லிட்டுப் போயிருக்காவ" என்றாள். "ஆளந்தி தாண்டியாச்சு."

அதிலிருந்து தினம் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேட்டேன். அவள் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லுவாள். சாஸ்வட். ஜேஜுரி. லோணந்த். ஒவ்வொரு பெயருக்கும் அங்கே சாலை எப்படித் திரும்பும், மேடு எங்கே வரும், எந்தப் பக்கம் புளியமரங்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன. அவன் காலில் தெரிந்துகொண்டிருக்கிறான். நான் செம்பூரில் நாற்காலியில் உட்கார்ந்து எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள், "கால் வீங்கிருக்காம்" என்றாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குத் திருப்தியாக இருந்தது. இந்த வயதிலும் அது போகவில்லை. மருந்து அனுப்பலாமா என்று கேட்டேன். அங்கேயே தடவிவிட ஆள் இருக்கிறார்கள் என்றாள்.

ஏகாதசி அன்று ஐந்து மணிக்கு முன்பே போன் செய்துவிட்டேன்.

"சேந்தாச்சு அண்ணாச்சி" என்றாள் அன்னம். "கூட்டம் தாங்கலயாம். உள்ள போவ முடியல. வெளிய நின்னு கோபுரத்தப் பாத்துட்டுத் திரும்புதாவளாம். அங்க அது போதுமாம்."

"சரிம்மா" என்றேன். அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"வேற ஏதாவது சொன்னானா?"

"இல்ல அண்ணாச்சி. வேற ஒண்ணும் சொல்லச் சொல்லல."